கஞ்சாவில் ‘கலப்பினம்’ என்றால் என்ன?

இயல்பில் வேறுபட்ட இரு கஞ்சா வகைகளை இணைத்துப் பெறப்படும் செடியே கலப்பினம். இச்செடியில் பெரும்பாலும் ஆணும் பெண்ணும் தனித்தனியாக இருப்பதாலும், மகரந்தம் காற்றில் பரவுவதாலும், தேர்ந்தெடுத்த ஆண்செடியின் மகரந்தத்தை மற்றொரு வகைப் பெண்செடியின் பூவில் சேர்த்து, வேறு மகரந்தம் அண்டாதபடி காக்கிறார்கள். உயரமாக வளர்ந்து தாமதமாகப் பூக்கும் சத்திவாவும், குட்டையாக வளர்ந்து விரைவில் பூக்கும் இண்டிகாவும் இப்படித்தான் கலக்கப்பட்டன.

மலேசியாவின் குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் நாம் காணும் செம்பனையும் (எண்ணெய்ப்பனை) இப்படிப்பட்டதே. கொட்டையைச் சுற்றித் தடித்த ஓடுள்ள தூரா வகையையும் ஓடில்லாத பிசிஃபெரா வகையையும் இணைத்தால், மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் கொண்ட தெனெரா கிடைக்கிறது. ஆனால் தெனெரா மரத்தடியில் உதிர்ந்த பழத்திலிருந்து முளைக்கும் கன்றை, அது எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், எந்தக் கங்காணியும் நடச் சொல்வதில்லை, ஏனெனில் அடுத்த தலைமுறையில் குணங்கள் மறுபடியும் பிரிந்துவிடும். கஞ்சாவிலும் அவ்வாறே நிகழ்வதால், வளர்ப்பைச் சட்டம் அனுமதிக்கும் கனடா போன்ற நாடுகளில் தாய்ச்செடியின் தண்டை வெட்டி வேர்விடச் செய்தே ஒரே குணத்தைத் தக்கவைக்கிறார்கள். (மலேசியாவில் 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின்படி அனுமதியின்றி வளர்ப்பதே கடுங்குற்றம்.)

கலப்பினம் என்றாலே மரபணு மாற்றப்பட்ட செடி என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இங்கே நடப்பது மகரந்தச் சேர்க்கைதான், ஆய்வுக்கூடத்தில் அயல் மரபணு எதுவும் புகுத்தப்படுவதில்லை.