பட்டறைக் கேள்வி பதில்: அரை அங்குல டையில் முக்கால் அங்குல டியூப்

கேள்வி: கப்சாய் என்ற சிறு மோட்டார் சைக்கிளுக்குக் கேரியர் செய்ய, பாட்டில் ஜாக்கை வைத்து நானே ஒரு வளைப்பான் செய்தேன். முக்கால் அங்குல இரும்பு டியூப், 1.5 மி.மீ. தடிப்பு. அரை அங்குல டைதான் (டியூப் படிந்து வளையும் பள்ள அச்சு) அளவுக்குக் கிட்டத்தில் இருந்தது, அதையே போட்டேன். வளைவு சப்பையாகிறது, உள்பக்கம் மடிகிறது. ஜாக் போதவில்லையா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஜாக் மேல் குறையில்லை, டைதான் காரணம். டியூப்பின் அளவு வெளிவிட்டத்தைக் குறிக்கும். முக்கால் அங்குலம் என்றால் 19 மி.மீ. உங்கள் டையோ பைப்புக்கானது; பைப்பின் அளவு வெறும் பெயரளவு. அரை அங்குல பைப்பின் வெளிவிட்டம் 21.3 மி.மீ. ஆக, உங்கள் டியூப்புக்கு டையில் 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி. அழுத்தம் ஏறும்போது டியூப்பின் விலா அந்த இடைவெளிக்குள் பிதுங்குகிறது, முதுகு தட்டையாகிறது. ஜாக் வகையே தடித்த பைப்புக்கானது. மெல்லிய டியூப்புக்குக் கையால் சுற்றி வளைக்கும் வகையைச் செய்யுங்கள்.

லேத் பட்டறையில் 120 மி.மீ. விட்டம், 25 மி.மீ. தடிப்புள்ள இரும்பு வட்டு கடையச் சொல்லுங்கள். விளிம்பைச் சுற்றி அரைவட்டப் பள்ளம்: அகலம் 19.2, ஆழம் 9.5 மி.மீ. அப்போது டியூப்பின் நடுக்கோட்டு ஆரம் 60 மி.மீ., அதாவது விட்டத்தைப் போல் மூன்று மடங்கு. அதற்குக் கீழே இறங்காதீர்கள். வட்டு சுழலக் கூடாது; அடித்தளத்தில் இறுக்கிவிடுங்கள். நடுவில் அச்சாக 20 மி.மீ. ஊசி (பின்), அதைச் சுற்றித் திரும்பும்படி 40×10 மி.மீ. பட்டையில் 900 மி.மீ. நீளக் கைப்பிடி, வட்டுக்கு மேலொன்று கீழொன்று, இரண்டுக்கும் இடையே டியூப்பை அழுத்த ஒரு ரோலர்.

கைப்பிடியின் ரோலர் டியூப்பை நேராகத் தொட விடாதீர்கள். ஒரே இடத்தில் அழுத்திக் குழி போட்டுவிடும். ரோலருக்கும் டியூப்புக்கும் நடுவே அதே பள்ளம் வெட்டிய 150 மி.மீ. கட்டையைக் கிரீஸ் தடவி வையுங்கள். கட்டைக்கும் வட்டு விளிம்புக்கும் இடையே அரை மி.மீ. போதும். இடைவெளி கூடினால் மறுபடி சப்பைதான். அதனால் ரோலர் போல்ட்டின் துளையை நீளவாட்டில் வெட்டி, நகர்த்திச் சரிசெய்ய வழிவையுங்கள். டியூப்பின் முனையைப் பிடிக்க யு-போல்ட் வேண்டாம், தழும்பு விழும். பள்ளமுள்ள 50 மி.மீ. கட்டை நல்லது. மேசை வைஸ் இந்த இழுப்பைத் தாங்காது. அடித்தளத்தைச் சிமெண்டுத் தரையில் 12 மி.மீ. ஆங்கர் போல்ட்டால் இறுக்குங்கள்.

டியூப்பின் பற்றவைத்த தையல் வளைவின் பக்கவாட்டில் இருக்கட்டும். உள்பக்கமோ வெளிப்பக்கமோ வந்தால் பிளக்கக்கூடும். 90 பாகைக்கு 93 முதல் 95 வரை வளைத்துவிடுங்கள், விட்டதும் சற்று மீளும். முதலில் துண்டு டியூப்பில் பாருங்கள். ஒரு 90 பாகை வளைவு 94 மி.மீ. டியூப்பை எடுத்துக்கொள்ளும், வெட்டும் நீளத்தில் அதைக் கூட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மடிந்தால் மணல் நிரப்புங்கள். நம்மூர் ஈரத்தில் மணல் காய்ந்ததாகத் தோன்றினாலும் காய்ந்திருக்காது. வாணலியில் வறுத்து, ஆறவிட்டு, டியூப்பைத் தட்டித் தட்டி நிரப்பி, இரு முனையையும் மரக்கட்டையால் அடையுங்கள். குளிர்நிலையிலேயே வளையுங்கள். அடைத்த டியூப்பைச் சூடாக்கினால் மீதி ஈரம் ஆவியாகி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டாய்த் தள்ளும். துத்தநாகம் பூசிய டியூப்பையும் சூடாக்காதீர்கள், அந்தப் புகை நச்சு.