உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிப்பது எப்படி?

பிளஸ் 1 படிக்கும் உங்கள் மகனுக்காக, தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க முடியுமா, முடியுமென்றால் எதை முதலில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். 2022-23 கல்வியாண்டில் என் மகளுக்காக நாங்கள் அதைச் செய்தோம். நான் ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை; மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததில்லை என்பதால், பலவற்றைத் தவறிய பிறகே தெரிந்துகொண்டோம். அந்தத் தவறுகள் உங்களுக்கு நேராமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சேர்க்கை முறையும் உங்கள் பிள்ளையிடம் வெவ்வேறு கேள்வியைக் கேட்கிறது. ஒன்றுக்குரிய கணக்கை இன்னொன்றில் போட்டால் இரண்டும் கெடும். நம் கலந்தாய்வு கேட்பது ஒரே ஓர் எண். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மட்டுமே அங்கே பேசும். 2007-இல் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்ட பிறகு, ஒதுக்கீடுகளை விட்டால், பிளஸ் 2 மதிப்பெண்ணைத் தவிர வேறெதையும் அது பார்ப்பதில்லை. பிள்ளை என்ன வாசிக்கிறது, ஏன் இந்தப் படிப்பை விரும்புகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. கட்டுரை எழுதிக் கொடுக்க ஆள் வைக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நேர்மையான வாசல் இல்லை என்பதே என் கருத்து.

பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான விண்ணப்ப முறையான யூகாஸில், ஒரே விண்ணப்பத்தில் ஐந்து இடங்களைத்தான் தேர்ந்தெடுக்கலாம்; மருத்துவமென்றால் அந்தப் படிப்புக்கு நான்கே இடங்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே ஓர் ஆண்டில் விண்ணப்பிக்க முடியும். அதற்கான கடைசி நாள், பிள்ளை காலாண்டுத் தேர்வு எழுதி முடித்த கையோடு, அக்டோபர் 15 அன்று வந்துவிடும். மருத்துவத்துக்கும் அதே நாள்தான். மற்ற பெரும்பாலானவற்றுக்கு ஜனவரி. அமெரிக்காவில் பல கல்லூரிகள் ஏற்கும் காமன் ஆப் விண்ணப்பத்தில் 650 சொற்களுக்குள் ஒரு தன்விவரக் கட்டுரை, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையிலான மதிப்பெண்கள் என எல்லாமும் கேட்பார்கள். நம் ஊரில் யாருமே திரும்பிப் பார்க்காத ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அங்கே ஒரு சான்றாகிவிடுகிறது.

இங்கேதான் நாங்கள் முதலில் தடுமாறினோம். என் மகளின் ஆண்டுப் பிள்ளைகள் கொரோனாக் காலத்தில் சிக்கியவர்கள். 2020 மார்ச்சில் ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு நடக்காமலே தேர்ச்சி அறிவிக்கப்பட்டது. 2021-இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் ரத்தாகி, சான்றிதழில் மதிப்பெண்ணே இல்லாமல் தேர்ச்சி என்று மட்டும் அச்சாகி வந்தது. நான்கு ஆண்டு மதிப்பெண் கேட்கும் கல்லூரிக்கு இரண்டு ஆண்டு வெற்றிடத்தை எப்படி அனுப்புவது? தலைமையாசிரியர் பழைய பதிவேடுகளை எடுக்கச் சொன்னார். பள்ளியின் பின்கட்டு அறையில், உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே, ஒன்பதாம் வகுப்பின் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்கள் எழுதிய பதிவேடு கிடைத்தது. ஓரங்களைக் கரையான் அரித்திருந்தாலும் எண்கள் தப்பியிருந்தன. அவற்றை ஒரு தாளில் எடுத்தெழுதி, மற்ற தேர்வுகள் ஏன் நடக்கவில்லை என்பதற்கு அரசின் முடிவைக் குறிப்பிட்டு, பள்ளி முத்திரையுடன் அவர் ஒரு கடிதம் கொடுத்தார். எந்தக் கல்லூரியும் அதைக் குறைசொல்லவில்லை. உங்கள் மகனுக்கு இந்தச் சிக்கல் இருக்காது. ஆனால் பிளஸ் 1 பொதுத்தேர்வு இப்போது நீக்கப்பட்டுவிட்டதால், அந்த ஆண்டுக்குரிய மதிப்பெண்ணுக்குப் பள்ளி தரும் தாள்தான் சான்று. ஆண்டு முடிந்ததும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துவிடுங்கள்.

அடுத்தது உத்தேச மதிப்பெண். பிரிட்டன் பல்கலைக்கழகங்கள், பிள்ளை பொதுத்தேர்வு எழுதுவதற்கு முன்பே, இவர் எவ்வளவு எடுப்பார் என்று பள்ளியின் கணிப்பைக் கேட்கும். எங்கள் தலைமையாசிரியர் இதைக் கேட்டுத் திகைத்துப்போனார். "பரீட்சையே எழுதாத பிள்ளைக்கு நான் எப்படி, டீச்சர், மார்க் போட்டுக் கையெழுத்து வைக்கிறது?" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. நம் முறையில் அது ஏறக்குறைய ஒரு குற்றம். பிளஸ் 1 பொதுத்தேர்வு, பிளஸ் 2 காலாண்டு, அரையாண்டு ஆகியவற்றின் மதிப்பெண்களை அருகருகே எழுதிக் காட்டி, இது வாக்குறுதி அல்ல, ஆசிரியரின் மதிப்பீடு மட்டுமே என்று விளக்கிய பிறகு ஒப்புக்கொண்டார். நாங்கள் ஆலோசனை கேட்கப் போயிருந்த ஒரு முகவர், எல்லாப் பாடத்துக்கும் 95-க்கு மேல் போட்டுவிடச் சொன்னார். தலைமையாசிரியர் மறுத்துவிட்டார், அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். ஏனென்றால், உயர்த்திப் போட்ட கணிப்பை நம்பி விண்ணப்பித்த இடங்கள் கேட்கும் மதிப்பெண்ணும் அதே உயரத்தில்தான் இருக்கும். இவ்வளவு மதிப்பெண் எடுத்தால்தான் இடம் என்ற நிபந்தனையோடுதான் இடம் தருவார்கள்; மே மாதம் உண்மை மதிப்பெண் வரும்போது அது நிறைவேறாது. அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் சிபிஎஸ்இ மாணவர்களிடம் கேட்பதைவிட மாநிலப் பாடத்திட்ட மாணவர்களிடம் கூடுதல் சதவீதம் கேட்கின்றன என்பதையும், சில இடங்களில் அடிப்படை ஆண்டு ஒன்றைப் படித்த பிறகே பட்டப்படிப்புக்குள் விடுகிறார்கள் என்பதையும் ஒவ்வொரு பல்கலைக்கழக இணையதளத்திலும் இந்திய மாணவர்களுக்கான பக்கத்தில் முதலில் பார்த்துவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு இயற்பியல் ஆசிரியரை அணுகினோம். ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி என்று நான்கு வரிகள் எழுதித் தந்தார். அது நம் நடத்தைச் சான்றிதழின் மொழி. நான் அவரிடம், இவளைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஏதாவது ஒரு நாளைச் சொல்லுங்கள் சார் என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார்: நிறமாலைமானிச் சோதனையில் இரண்டு வெர்னியர் அளவீடுகளும் ஒத்துவராதபோது மற்றவர்கள் எண்களைச் சரிக்கட்டி எழுதிவிட்டார்கள், இவள் மட்டும் ஒத்துவராத எண்களை அப்படியே எழுதி, கருவியைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்து, எங்கே பிழை என்று கேட்டிருக்கிறாள். அதையே எழுதுங்கள் என்றேன். அந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே அவர் ஒரு பக்கம் எழுதினார். இத்தகைய கடிதம் எழுத ஆசிரியருக்கு நேரம் வேண்டும் என்பதால் பிளஸ் 2 தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். யூகாஸ் தன்விளக்கம் எங்கள் காலத்தில் 4000 எழுத்துகளுக்குள் ஒரே கட்டுரையாக இருந்தது. 2026 சேர்க்கையிலிருந்து அதே அளவுக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகளாக மாற்றியிருக்கிறார்கள்.

இனி, கல்லூரிகளை எந்த வரிசையில் எழுதுவது என்று சொல்ல வேண்டும். பெற்றோர்கள் மிக அதிகமாகக் குழம்புவது இதில்தான். கலந்தாய்வில் விருப்பப் பதிவுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஒதுக்கீட்டின்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, தரவரிசைப்படி உங்களுக்குக் கிடைக்கக்கூடிய முதல் இடத்தைத் தருவார்கள். கிடைக்காது என்று தோன்றும் கல்லூரியை முதலில் எழுதுவதால் கீழே உள்ள எதுவும் பறிபோகாது. எங்கள் வீட்டில் ஒரு நீள நோட்டில் கல்லூரிக் குறியீட்டு எண்களை எழுதினோம். கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1, கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரிக்கு 2006 என்று எழுதிக்கொண்டே வந்தபோது, "நம்ம கட்-ஆஃபுக்குக் கிண்டியைப் போட்டா சாய்ஸ் வீணாயிடும்" என்று என் கணவர் அதை அடிக்கப் போனார். மகள் தடுத்தாள். அன்று அவள் தடுக்காமல் இருந்திருந்தால் இன்று அவள் படிக்கும் இடம் வேறாக இருந்திருக்கும். ஆகவே உண்மையாக எதை அதிகம் விரும்புகிறீர்களோ அதை மேலே போடுங்கள். கிடைத்தால் சேர மனமில்லாத கல்லூரியைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

யூகாஸில் இந்த அணுகுமுறை ஆபத்தானது. ஐந்தே இடங்கள் என்பதால், ஐந்தையும் எட்டாத உயரத்தில் வைத்தால் ஐந்தும் போய்விடும். இரண்டு உயரத்திலும், இரண்டு கைக்கெட்டும் தூரத்திலும், ஒன்று உறுதியாகவும் இருக்கட்டும். எல்லாப் பதில்களும் வந்த பிறகு ஒன்றை முதல் தெரிவாகவும் ஒன்றை மாற்றுத் தெரிவாகவும் வைத்துக்கொள்ளலாம். மாற்றுத் தெரிவு கேட்கும் மதிப்பெண் முதல் தெரிவைவிடக் குறைவாக இருந்தால்தான் அதற்குப் பொருளுண்டு. அமெரிக்காவில் இன்னொரு வகை: நவம்பரில் முடியும் எர்லி டிசிஷன் வழியில் ஒரே ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்து, கிடைத்தால் அங்கேயே சேர்வேன் என்று பிள்ளை, பெற்றோர், பள்ளி மூவரும் கையெழுத்திட வேண்டும். உதவித்தொகை எவ்வளவு கிடைக்கும் என்று பல கல்லூரிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நிலையில் உள்ள குடும்பம் அந்தக் கையெழுத்தைப் போடும் முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்கிறாரா என்பதைப் பாராமல் சேர்க்கையை முடிவு செய்யும் அமெரிக்கக் கல்லூரிகள் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற மிகச் சிலவே. மற்ற பெரும்பாலான இடங்களில், அதிக உதவி கேட்பதே வாய்ப்பைக் குறைக்கும். என் மகள் ஆறு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள், ஆறும் மறுத்துவிட்டன. அந்த முடிவுகள் மார்ச் மாதத்தில், பொதுத்தேர்வு நடந்துகொண்டிருக்கும் நாட்களில் வரும் என்று முன்பே தெரிந்திருந்ததால், தேர்வு தொடங்கும் முன் அவளே தன் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி எழுதி என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் ஒவ்வொன்றாகத் திறந்து படித்துவிட்டு, மூன்று வாரம் வாய் திறக்காமல் அவளுக்குச் சாப்பாடு போட்டேன். உங்கள் வீட்டிலும் இந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் நிபந்தனையுடன் இடம் தந்தது, நிபந்தனையும் நிறைவேறியது. ஆனால் ஓராண்டுக் கட்டணம் எங்கள் இருவரின் ஆண்டுச் சம்பளத்தையும் தாண்டியது. கல்விக் கடன் 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். எங்களிடம் இருந்தது குடியிருக்கும் வீடு மட்டுமே. அதே நேரத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அவளுக்குக் கிண்டியில் மின்னணுவியல் கிடைத்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முன்பணம் கட்டும் முன்பே ஸ்காட்லாந்து இடத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டாள். உங்கள் மகனும் அரசுப் பள்ளி மாணவர் என்றால், வெளிநாட்டுக் கட்டணத்தோடு இதையும் சேர்த்தே எடைபோடுங்கள்.

ஜெர்மனியைப் பற்றிச் சுருக்கமாக: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை, ஆனால் பிளஸ் 2 மட்டும் முடித்தவருக்குப் பொதுவாக நேரடிச் சேர்க்கை கிடையாது. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேர்ச்சியோ, இந்தியாவில் ஓராண்டுப் பட்டப்படிப்போ, அங்கே ஓராண்டு ஆயத்தப் படிப்போ வேண்டும். நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏபிஎஸ் சான்றிதழும் 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். எனவே இங்கே ஒரு நல்ல கல்லூரியில் முதலாண்டு படிப்பது ஜெர்மனிக்கான கதவை அடைப்பதில்லை.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மகனின் கடவுச்சீட்டை எடுத்து, குடும்பப் பெயர் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு இருப்பது தலைப்பெழுத்துதான், குடும்பப் பெயர் அல்ல. மதிப்பெண் சான்றிதழில் ஒருவிதமாகவும் கடவுச்சீட்டில் அப்பா பெயரை விரித்து வேறுவிதமாகவும் இருக்கும். பெயரின் ஒரு பகுதி காலியாக விடப்பட்டு, அமெரிக்க விசாவில் பெயர் தெரியாதவர் என்று பொருள்படும் FNU என்ற மூன்றெழுத்தோடு போனவர்கள் உண்டு. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, அமெரிக்கக் கல்லூரிகளுக்கான எஸ்ஏடி தேர்வு, யூகாஸ், காமன் ஆப் எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே ஒரே மாதிரி எழுதுங்கள். கடவுச்சீட்டே இன்னும் எடுக்கவில்லையென்றால் மிகவும் நல்லது. பெயரை எப்படிப் பிரிப்பது என்று தீர்மானித்த பிறகு விண்ணப்பியுங்கள்.