கசந்தால் துப்பிவிடுங்கள்

இந்த முறை இருபது கடிதங்களுக்கு மேல். பாதிப் பேர் வயதை எழுதவில்லை, முக்கால்வாசிப் பேர் என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று எழுதவில்லை. ‘பாட்டி வைத்தியம்தானே, அதற்கு இதெல்லாம் எதற்கு’ என்று ஒருவர் கேட்டே விட்டார். உங்கள் பாட்டிக்கு உங்கள் வயது தெரியும், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்பதும் தெரியும். எனக்குத் தெரியாது.

கேள்வி: வெந்தயத்தை ஊறவைத்துத் தினமும் சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நிறுத்தக் கூடாது. வெந்தயம் வேலை செய்யும், அதில் பாதி எடை நார்ச்சத்து. குடலில் கொழகொழவென்று நின்று சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஒரு டீஸ்பூன், 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் பெரிதாகத் தொந்தரவு இல்லை. அதற்கு மேல் ஏற்றுவதானால், அதுவும் கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரானால், சர்க்கரை திடீரென்று தாழ்ந்து கை நடுங்கி வியர்த்துக் கொட்டலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி இறங்கினால் மாத்திரையை அவரே குறைப்பார்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. துளசிச் சாற்றில் தேன் கலந்து கொடுக்கலாமா?

ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது. ஒரு சொட்டும் கூடாது. நாக்கில் தடவுவதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து நமக்கு ஒன்றும் செய்யாது, பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சாகும். குழந்தை பால் குடிக்காமல் மூச்சு வாங்கினால் துளசியைத் தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: தொண்டைக்கு அதிமதுரம் மென்றுகொண்டே இருக்கிறேன். நல்லதுதானே?

பிபி இருக்கிறதா என்று எழுதவில்லையே! இருந்தால் விட்டுவிடுங்கள். அதிமதுரம் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும். கச்சேரிக்கு முன் ஒரு துண்டு சரி, மாதக்கணக்கில் வேண்டாம்.

கேள்வி: எடை குறைய தினமும் காலையில் ஒரு டம்ளர் சுரைக்காய் ஜூஸ் குடிக்கிறேன். சில நாள் கசக்கிறது. உப்பு, எலுமிச்சை சேர்த்துக் குடிக்கலாமா?

ஐயா, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. கசந்த அன்று குடித்தும் நீங்கள் கடிதம் எழுதும் நிலையில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். சுரை, பீர்க்கு, வெள்ளரி, புடல் எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துக்கே குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சைச் செய்யும் திறமை உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கசக்காத காயின் விதையாகப் பார்த்து எடுத்து வைத்ததால்தான் இன்றைக்கு நாம் கூட்டு வைக்கிறோம். எப்போதாவது ஒரு காய் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும், வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. நம் முன்னோர் பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்று கசப்பு வகைகளுக்குத் தனிப் பெயர் வைத்ததே கறிக்கு ஆகாது என்று பிரித்துக் காட்டத்தான்.

கசந்த சாறு உள்ளே போனால் சிறிது நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, சிலருக்கு ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் படுத்துவிடும். மாற்று மருந்து கிடையாது, சலைன் ஏற்றித் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. நம் நாட்டில் இதனால் இறந்தவர்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே இதற்கென நிபுணர் குழு அமைத்து, கசந்தால் குடிக்காதே என்று எச்சரித்தது. வேகவைத்தாலும் இந்தக் கசப்பு போகாது. எலுமிச்சையும் தேனும் நாக்கை ஏமாற்றும், குடலை ஏமாற்றாது.

எனக்குத் தெரிந்த ஒருவர், ஓய்வுபெற்ற ஆள், ‘மருந்து கசக்கத்தானே செய்யும்’ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு முழு டம்ளரையும் குடித்து இரண்டு நாள் ஐசியூவில் கிடந்தார். இந்த ஒரு வாக்கியம்தான் எத்தனை பேரைக் கெடுக்கிறது! பாகற்காய் கசந்தால் அது அதன் குணம். சுரைக்காய் கசந்தால் அது கோளாறு. நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வையுங்கள், கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குப்பையில் போடுங்கள், முப்பது ரூபாய்க்கு வருத்தப்படாதீர்கள். அப்புறம், கூட்டாக வைத்தால் முதல் வாயிலேயே கசப்பு தெரிந்து தட்டைத் தள்ளிவிடுவோம். ஜூஸைத்தான் ஒரே மடக்கில் குடித்துவிடுகிறோம். எந்தக் காயையும் ஜூஸாக்கினால் அது மருந்தாகிவிடும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ. கடித்துச் சாப்பிடத்தான் பல் இருக்கிறது.

கேள்வி: நிலவேம்பு இலையை மட்டும் கொதிக்கவைத்து ஒரு வாரத்துக்கு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாமா?

இரண்டும் தப்பு. நிலவேம்புக் குடிநீர் என்பது ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு. ஆம், மேலே திட்டிய அதே பேய்ப்புடல்தான், ஆனால் அளவோடு, முறையோடு. 5 கிராம் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கால் டம்ளராகச் சுண்டவைத்து வடிகட்டுங்கள். சித்த மருத்துவத்தில் குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். காய்ச்சல் இல்லாதபோது தினமும் காபி மாதிரி குடிக்க வேண்டாம், கர்ப்பிணிகள் வேண்டவே வேண்டாம். டெங்கு என்றால் இதைக் குடித்தாலும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பிரண்டைத் துவையல் செய்தேன், தொண்டை அரிக்கிறது.

முற்றியதைப் பறித்திருப்பீர்கள். கொழுந்தாகப் பறித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நாரை உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி வைத்து அரையுங்கள்.

கேள்வி: பட்டைத் தூள் தினமும் ஒரு ஸ்பூன் வெந்நீரில்?

கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டை காசியா. அதில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம், நாள்பட்டால் சிலருக்குக் கல்லீரலுக்கு ஆகாது. இலங்கைச் சுருள் பட்டையில் அது மிகக் குறைவு. பிரியாணிக்கு எதுவானாலும் சரி.

கேள்வி: மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி எத்தனை நாள்?

யாருக்கு, என்ன வயது, எதனால் வந்தது? ஒன்றுமே இல்லை, ஒரே வரி! காமாலை என்பது அறிகுறி. பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் வரும், எலிக்காய்ச்சலிலும் வரும், ஹெபடைடிஸ் பி-யிலும் வரும். ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும், பேர் மட்டும் கீழாநெல்லிக்கு. 1988இல் சென்னையில் செய்த ஓர் ஆய்வு ஹெபடைடிஸ் பி கிருமியே போய்விடுவதாகச் சொல்லி லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மோரில் அரைத்துக் குடிப்பதால் கெடுதல் குறைவுதான், அதை நம்பிப் பத்து நாள் வீட்டில் கிடப்பதுதான் கெடுதல். முதலில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். அப்புறம் எழுதுங்கள், வயதோடு, மாத்திரை விவரத்தோடு.

கேள்வி: சுக்கு மல்லிக் காபியில் பால் சேர்க்கலாமா?

தாராளமாக. கருப்பட்டி போட்டுக் கொதிக்கும்போதே பாலை ஊற்றித் திரிந்துபோனால் என்னைத் திட்டாதீர்கள்; இறக்கி, வடிகட்டி, கொஞ்சம் ஆறியபின் ஊற்றுங்கள்.