புழுக்கைத் தட்டு சொல்லும் சேதி
வாசகர் கேள்விகள் – கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டு முயலின் பெயர் மல்லி. இரண்டு வயது, எடை 1.8 கிலோ. தீபாவளிக்கு மறுநாள் காலையிலிருந்து எதையும் தின்னாமல் மூலையில் முதுகைக் குறுக்கி உட்கார்ந்துவிட்டாள். அன்று மாலை வரை தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, அடைப்பு எதுவும் இல்லை, குடல் இயக்கம் நின்றிருக்கிறது என்று சொல்லி, தோலுக்கடியில் திரவம் ஏற்றி, வலிக்கும் குடல் அசைவுக்கும் மருந்து கொடுத்தார். இன்று நான்காம் நாள். கொத்தமல்லியைக் கொஞ்சம் கடிக்கிறாள், ஓடியும் விளையாடுகிறாள். ஆனால் புழுக்கை மிளகு அளவில்தான் வருகிறது. சிரிஞ்சில் உணவு கொடுப்பதை நிறுத்திவிடலாமா? அவள் குணமாகிவிட்டாள் என்று நான் எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: உடனே மருத்துவரிடம் கொண்டுபோனதால்தான் மல்லி இன்று ஓடுகிறாள், அம்மா. பல வீடுகளில், ‘ஒருநாள் வயிறு காயட்டும், சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுகிறார்கள். நமக்கும் நாய்க்கும் பொருந்துகிற அந்தப் பட்டினி வைத்தியம் முயலுக்குப் பொருந்தாது. ஆரோக்கியமான முயலின் இரைப்பை ஒருபோதும் காலியாக இருப்பதில்லை. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது கீழே நகர்ந்துதான் வெளியேற வேண்டும், அதை நகர்த்துவது புல்லில் உள்ள செரிக்காத நார். நார் வருவது நின்றால் குடலின் அசைவு குறைகிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் பை போல உள்ள குருட்டுக்குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டு வாயு சேர்கிறது. வாயு வலியைத் தருகிறது. வலி வந்த முயல் இன்னும் தின்னாமல் இருக்கிறது. இந்தச் சுழலில் ஒரு நாளுக்கு மேல் மாட்டிக்கொண்ட முயலின் உடல் தன் கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்பத் தொடங்கும். அந்தக் கொழுப்பு ஈரலில் படிந்துவிட்டால் காப்பாற்றுவது கடினம். அதனால்தான் 12 மணி நேரம் தின்னாத முயலை அவசர நோயாளியாகவே நாங்கள் பார்க்கிறோம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓடி விளையாடுவது நல்ல அறிகுறிதான், ஆனால் அதை மட்டும் நம்பி சிரிஞ்சை நிறுத்த வேண்டாம். முயல் வேட்டையாடப்படும் விலங்கு. தன் பலவீனத்தை மறைப்பது அதன் இயல்பு. உண்மையைச் சொல்வது புழுக்கைத் தட்டுதான். காலையும் மாலையும் தட்டைச் சுத்தம் செய்து, அதற்குப் பிறகு விழுந்த புழுக்கைகளை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். நலமாக உள்ள முயல் ஒரு நாளில் 200 முதல் 300 புழுக்கைகள் வரை போடும். அவை ஒரே அளவில் உருண்டையாக இருக்கும், விரலால் நசுக்கினால் உள்ளே காய்ந்த புல் துகள்கள் தெரியும். மல்லியிடம் இப்போது வருபவை சிறுத்து, கறுத்து, ஒன்றிரண்டு முடியில் கோத்த மணி போலத் தொங்கியும் இருக்கலாம். குடல் மறுபடி அசையத் தொடங்கிய நாட்களில் இப்படி வருவது வழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் அவற்றின் எண்ணிக்கையும் அளவும் முந்தைய நாளைவிடக் கூடிவர வேண்டும். இரண்டு நாட்கள் அதே நிலையில் நின்றாலோ, புழுக்கையின் மேல் சளி போன்ற பூச்சு தென்பட்டாலோ மருத்துவரிடம் திரும்பச் செல்லுங்கள்.

சிரிஞ்ச் உணவின் அளவை உங்கள் மருத்துவர் சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் பொதுவான கணக்கு இது: எதுவுமே தின்னாத முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மில்லி. மல்லிக்கு 90 மில்லி ஆகிறது. அதை ஆறு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 15 மில்லி. அவள் தானாகத் தின்னும் அளவு கூடக்கூட இதைக் குறைத்துக்கொண்டே வரலாம். புல்லை அரைத்துச் செய்த, நோயுற்ற முயலுக்கான தூள் உணவு கடைகளில் கிடைக்கிறது. அது கைக்கு வரும்வரை அவள் வழக்கமாகத் தின்னும் பெல்லட்டை (சிறு குச்சிகளாக அழுத்திச் செய்த உலர் தீவனத்தை) வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாகக் குழைத்துச் சமாளிக்கலாம். கைக்குழந்தைக்கான செரலாக், கஞ்சி, சாதம் கரைத்த தண்ணீர் ஆகியவை வேண்டவே வேண்டாம்.

கொடுக்கும் முறைதான் முக்கியம். பாத்ரூம் டவலால் உடம்பைச் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய மேசை மேல் உங்கள் வயிற்றோடு அணைத்து உட்காரவையுங்கள். மல்லாத்த வேண்டாம்; பின்னங்கால்கள் அந்தரத்தில் உதைத்தால் முதுகெலும்பு முறியும் ஆபத்து உண்டு. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி இருக்கிறது. சிரிஞ்சின் நுனியை அதன் வழியே பக்கவாட்டில் நுழைத்து ஒரு மில்லி மட்டும் விட்டு, தாடை அசைந்து விழுங்கிய பிறகு அடுத்ததை விடுங்கள். அவசரப்பட்டு உள்ளே தள்ளினால் கூழ் நுரையீரலுக்குள் போய்விடும். வயிறு முரசு போல விறைத்திருந்தால் அந்த வேளை உணவைக் கொடுக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அடைப்பு உள்ள முயலுக்கு உணவைத் திணிப்பது உயிருக்கே ஆபத்து.

தினமும் காலையில் சமையலறைத் தராசில் ஒரு கூடையோடு வைத்து எடை பார்த்துக் குறித்துவையுங்கள். புல்லைத் தானாகத் தின்று, புழுக்கை பழைய அளவுக்கு வந்து, சிரிஞ்ச் இல்லாமலே இரண்டு மூன்று நாட்கள் எடை குறையாமல் நின்றால் சிரிஞ்சை ஓரமாக வைக்கலாம். வலி மருந்தை மருத்துவர் சொன்ன நாள்வரை கொடுங்கள். தெளிந்துவிட்டாளே என்று நடுவில் நிறுத்தினால், வலி திரும்பிய இரவிலேயே அவள் மறுபடி தின்னாமல் போகலாம்.

கடைசியாக ஒன்று. குடல் நிற்பது பெரும்பாலும் வேறொரு தொந்தரவின் விளைவு. மல்லிக்கு வெடிச்சத்தத்தின் அச்சம் காரணமாக இருந்திருக்கலாம், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். என்னிடம் ஒருமுறை மூன்றாம் முறையாகக் குடல் நின்ற முயலைக் கொண்டுவந்தார்கள். மயக்க மருந்து கொடுத்து வாயைத் திறந்து பார்த்தபோது, கடைவாய்ப் பல் ஒன்று ஊசி போலக் கூராக வளர்ந்து நாக்கின் ஓரத்தைக் கிழித்திருந்தது. அந்தக் கூர்முனையை மழுக்கிய மறுநாளே அது புல்லை இழுத்துத் தின்றது. முயலின் பற்கள் ஆயுள் முழுதும் வளர்பவை. அடுத்த முறை செல்லும்போது கடைவாய்ப் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் முயலும் இதே தொந்தரவிலிருந்து தேறிவருகிறது. இதுவரை கேரட், முட்டைக்கோஸ், பிரெட், எப்போதாவது பிஸ்கட் கொடுத்துவந்தோம். இனி புல்தான் முக்கிய உணவு என்கிறார் மருத்துவர். கடையில் விற்கும் திமோதி புல்லோ விலை அதிகம். மதுரையில் என்ன செய்வது?
— வாசகர், மதுரை

பதில்: கேரட்டும் முயலும் என்ற படம் நம் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. கேரட்டில் சர்க்கரை அதிகம். பிரெட்டிலும் பிஸ்கட்டிலும் இருப்பது மாவு. இந்த இரண்டும் குருட்டுக்குடலுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே கெட்ட பாக்டீரியாக்களுக்கு விருந்து. தேறிவரும் முயலுக்கு இட்லி, சாதம், பொட்டுக்கடலை, பழம் எதுவும் கூடாது. முட்டைக்கோஸும் காலிஃப்ளவரும் வாயு சேர்ப்பவை என்பதால் இப்போதைக்கு அவற்றையும் தள்ளிவையுங்கள்.

திமோதி குளிர்நாட்டுப் புல். அது நல்லதுதான், ஆனால் அது இல்லாவிட்டால் முயலே வளர்க்க முடியாது என்பதில்லை. நம் மண்ணில் அருகம்புல், கினியாப் புல், கொழுக்கட்டைப் புல், மாட்டுக்கு வளர்க்கும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் என்று எத்தனையோ இருக்கின்றன. கோ-4 போன்ற ஒட்டுப்புல் ரகங்களின் கரணைகளைப் பக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். மொட்டைமாடியில் நாலைந்து பெரிய தொட்டிகளில் கினியாப் புல்லை வளர்த்தாலே ஒரு முயலின் தேவையில் நல்ல பகுதி தீர்ந்துவிடும். அறுத்த புல்லைச் சிறு கட்டுகளாக நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டு, பச்சை நிறம் முழுதும் போகாமல் முறுமுறுவென்று காய்ந்ததும் எடுத்து, துணிப்பையில் வையுங்கள். ஒரு கைப்பிடி புல்லை எடுத்து முகர்ந்து பாருங்கள்: காய்ந்த புல்லின் இனிய வாசம் வர வேண்டும்; மக்கிய வாடை வந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது, அதை எறிந்துவிடுங்கள். சாலையோரத்தில் அறுக்க வேண்டாம். வண்டிப் புகையும் நாய்களின் சிறுநீரும் பட்ட புல் அது. பூச்சிமருந்து அடித்த வயல் வரப்பிலும் அறுக்க வேண்டாம். நெல் வைக்கோல் படுக்கைக்கு உதவும், ஆனால் அதில் சத்து குறைவு என்பதால் அதையே முழு உணவாக்க முடியாது.

இரவும் பகலும் எட்டும் இடத்தில் புல் இருக்க வேண்டும். உணவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் அது அமையட்டும். குதிரைமசால், வேலிமசால், முருங்கைக்கீரை ஆகியவற்றில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் மிகுதி. குட்டிக்கு நல்லது, வளர்ந்த முயலுக்கு எப்போதாவது ஒரு சிறு கொத்து போதும். முயல் தன் உடம்பில் மிகுந்த சுண்ணாம்பைச் சிறுநீரில்தான் தள்ளுகிறது; தட்டில் வெண்மையான மண்டி படிந்தால் இந்தக் கீரைகளைக் குறையுங்கள். புல் தின்பது நிலைப்பட்ட பிறகு, பெல்லட்டை ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி என்ற அளவில் திரும்பக் கொண்டுவாருங்கள். எந்த மாற்றமானாலும் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துச் செய்யுங்கள்.

கேள்வி: முடி உருண்டை வயிற்றில் சிக்கியதால்தான் முயல் தின்னவில்லை என்றும், அன்னாசிச் சாறு கொடுத்தால் முடி கரையும் என்றும் உறவினர் சொல்கிறார். வீட்டில் குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மீதி இருக்கிறது, அதையும் கொடுக்கலாம் என்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, சேலம்

பதில்: சிரப்பைத் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். வாய்வழியாகக் கொடுக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், கிளிண்டாமைசின் போன்ற மருந்துகள் முயலின் குருட்டுக்குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களைக் கொன்று, நஞ்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருக இடம் தருகின்றன. கழிச்சல் கண்டு ஓரிரு நாட்களில் முயல் இறந்துபோகவும் கூடும். அன்போடு கொடுத்த அந்த ஒரு மருந்தால் முயலை இழந்து, அழுதபடி நின்ற குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். ஆண்டிபயாடிக் தேவைப்பட்டால் முயலுக்குப் பாதுகாப்பானவை வேறு இருக்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுப்பது மருத்துவரின் வேலை.

அன்னாசியில் உள்ள நொதி முடியைக் கரைப்பதில்லை. தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் எந்த முயலின் வயிற்றிலும் கொஞ்சம் முடி இருக்கும். குடல் ஓடும்வரை அது புழுக்கையோடு வெளியேறிவிடும். குடல் மெதுவாகி நீர் வற்றும்போதுதான் முடியும் உணவும் சேர்ந்து இறுகுகின்றன. அதை இளக்குவது நீர்தான். அகன்ற மண் கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள்; குழாய் பாட்டிலைவிடக் கிண்ணத்தில் முயல் கூடுதலாகக் குடிக்கும். கீரையைக் கழுவி, உதறாமல் ஈரத்தோடு கொடுங்கள். முடி கொட்டும் காலத்தில் தினமும் சீவிவிடுங்கள்.

கேள்வி: குணமான பிறகு முயலின் பின்புறத்தில் களிமண் போல மலம் ஒட்டிக்கொள்கிறது. கழிச்சலா? குளிப்பாட்டலாமா?
— வாசகர், தாம்பரம்

பதில்: முயல் இரண்டு வகையாகப் போடும். ஒன்று உலர்ந்த புழுக்கை. மற்றொன்று, சிறு திராட்சைக்கொத்து போலப் பளபளப்பாக வரும் மென்புழுக்கை. இந்த இரண்டாவதை அது குனிந்து, வெளியே வரும்போதே வாயில் வாங்கித் தின்றுவிடும். நுண்ணுயிர்கள் செய்த புரதமும் வைட்டமின்களும் அதில் இருப்பதால் அப்படித் தின்பது அதன் ஆரோக்கியத்துக்கு அவசியம், தடுக்காதீர்கள். உங்கள் முயலிடம் ஒட்டியிருப்பது தின்னாமல் விட்ட மென்புழுக்கையாக இருக்கலாம். பெல்லட் அதிகமாவது, உடல் பருத்துக் குனிய முடியாமல் போவது, முதுகுவலி ஆகியவை வழக்கமான காரணங்கள். உருண்டைப் புழுக்கையே இல்லாமல் தண்ணீராகப் போனால் அதுதான் கழிச்சல். அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும், குட்டியாக இருந்தால் ரத்தக்கழிச்சல் நோய்க்கும் பரிசோதிக்க வேண்டும்.

முழுக் குளியல் கூடாது. நனைந்த முயல் குளிரில் நடுங்கி, அச்சத்தில் மறுபடி குடல் நின்றுபோகக் கண்டிருக்கிறோம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தை மட்டும் ஊறவைத்து எடுத்து, நன்றாகத் துவட்டுங்கள். நம் ஊர் வெயிலில் ஈ மொய்த்து ஒரே நாளில் புழு வைத்துவிடும் என்பதால் காலை, மாலை வாலைத் தூக்கிப் பாருங்கள்.

கேள்வி: திரும்பவும் குடல் நின்றால் வீட்டில் எப்படி முன்கூட்டியே அறிவது? வெயில் காலத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.
— வாசகி, வேலூர்

பதில்: தினமும் ஒரே நேரத்தில் அதற்கு மிகப் பிடித்த இலையை நீட்டுங்கள். எப்போதும் ஓடிவந்து பிடுங்கும் முயல் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் அதுவே முதல் அறிகுறி. பற்களை நறநறவென்று கடிப்பது, வயிற்றைத் தரையில் அழுத்திப் படுப்பதும் எழுவதுமாக இருப்பது, காது சில்லென்று இருப்பது ஆகியவை அடுத்த கட்டம். முயலின் இயல்பான உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. 38-க்குக் கீழே இறங்கினால் உயிருக்கு ஆபத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை அருகில் வைத்தபடியே கிளம்புங்கள்.

கோடையில் இதற்கு நேர்மாறு. முயலுக்கு வியர்க்காது, காதுகளின் வழியேதான் சூட்டை வெளியேற்றுகிறது. அறை 30 டிகிரியைத் தாண்டினால் தின்பதைக் குறைத்துக்கொள்ளும். தரைத்தளத்தில் நிழலான அறை, படுக்கச் சில்லென்ற ஒரு கடப்பாக்கல் பலகை, நேரே வீசாத மின்விசிறி, மின்வெட்டுக்கு முன்னேற்பாடாகத் துணி சுற்றிய உறைந்த தண்ணீர்ப் பாட்டில் ஆகியவற்றை மார்ச் மாதமே தயார் செய்துவிடுங்கள்.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது கடைசியாகப் போட்ட புழுக்கைகளை ஒரு சிறு கவரில் எடுத்துக்கொள்ளுங்கள். கூடையில் ஒரு கைப்பிடி புல் இருக்கட்டும். ஜோடியாக வளர்ந்த முயல் என்றால் மற்றதையும் அதே கூடையில் அழைத்துச் செல்லுங்கள். துணை அருகில் இருந்தால் அச்சம் குறையும், பிரித்துவைத்தால் திரும்பி வந்ததும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளவும் கூடும்.