கேளுங்க, பேசுவோம்: டெஸ்க்டாப்புக்கு நம்ம படம் போகணும்னா

போன இதழ்ல, உபுண்டு, டெபியன் மாதிரி இலவசமா கிடைக்கற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வால்பேப்பர், ஐகான் எல்லாம் நம்மள மாதிரி ஜனங்களும் வரைஞ்சு குடுக்கறாங்க, இங்க தென்னாப்பிரிக்காவுல இருக்கற நம்ம டர்பன் பிள்ளைங்களும் குடுக்கலாம்னு ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்களால இந்த மாசப் பக்கம் நிறைஞ்சிடுச்சு, ரொம்ப சந்தோஷம்.

கேள்வி: வணக்கம் அக்கா. சாட்ஸ்வொர்த்ல ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கறேன். பிள்ளைங்களும் அவங்க அண்ணன் அக்காங்களும் சேர்ந்து உபுண்டுக்கு வால்பேப்பர் அனுப்பலாம்னு ஆரம்பிச்சோம். இப்ப வாட்ஸ்அப் குரூப் முழுக்க படம், எது யாரோடதுன்னே தெரியல. எப்படி ஒழுங்கு பண்றது?

பதில்: டீச்சர், வாட்ஸ்அப் பேசறதுக்கு இருக்கட்டும், படம் வாங்கறதுக்கு வேண்டாம். அதுல சாதாரணமா போட்டோவா அனுப்பினா சைஸ சுருக்கிடும், எப்ப எந்த கேமரால எடுத்ததுன்னு ஃபைலுக்குள்ள இருக்கற தகவலும் போயிடும், போன்ல பார்க்க நல்லாத்தான் இருக்கும் ஆனா பெரிய மானிட்டர்ல போட்டா பிசிறு பிசிறா தெரியும். 3840க்கு 2160 பிக்ஸலாவது இருக்கணும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க. நம்ம ஊர்ல டேட்டா விக்கிற விலைக்கு அவ்வளவு பெரிய ஃபைல வீட்ல இருந்து ஏத்துன்னு சொல்றது நியாயமில்ல, அதனால வகுப்புக்கு வரும்போது கேபிள் மூலமாவோ பென்டிரைவ்லயோ ஒரே லேப்டாப்புல வாங்கிடுங்க.

வாங்கும்போதே ஒரு ஷீட்ல எழுதிடணும்: படத்துக்கு என்ன பேரு, யார் பண்ணது, பேர் எப்படி வரணும்னு அவங்க ஆசைப்படறாங்க, எந்த லைசென்ஸ்ல குடுக்கறாங்க, எதுல வரைஞ்சது. கூடவே மூல ஃபைலும் வேணும், அதாவது வரையற சாஃப்ட்வேர்ல திரும்ப திறந்து திருத்தக்கூடிய ஃபைல், இங்க்ஸ்கேப்னா எஸ்விஜி, கிம்ப்னா எக்ஸ்சிஎஃப், கிருதான்னா கேஆர்ஏ. நிறைய பேரு கடைசி ஜேபெக்க மட்டும் குடுத்துட்டு போயிடுவாங்க, அப்புறம் அதே படத்த பழைய 4:3 மானிட்டருக்கு வெட்டணும், லாகின் ஸ்க்ரீனுக்கு கொஞ்சம் இருட்டா வேணும், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வர்ற மெனுவுக்கு வேணும்னு வரும்போது யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. டெபியன்ல மூலத்த ரொம்ப கறாரா கேப்பாங்க, மத்தவங்க திருத்த முடியாதத சுதந்திரமானதுன்னு எப்படி சொல்றதுங்கறது அவங்க நியாயம், எனக்கும் அது சரின்னுதான் படுது.

தேதி விஷயம். உபுண்டு ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் வரும், அதுக்கு சில வாரம் முன்னாடியே கண்ணுக்கு தெரியற எல்லாத்தையும் உறைய வச்சிடுவாங்க, அதுக்கப்புறம் படத்த மாத்த மாட்டாங்க. ஏப்ரலுக்கு குடுக்கணும்னா பொங்கல் முடிஞ்ச கையோட உங்க பக்க வேலை முடிஞ்சிருக்கட்டும். இன்னொண்ணு, எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம்: படம் குடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பதில் போகணும், எடுத்துக்கிட்டாலும் சரி எடுத்துக்கலைன்னாலும் சரி, ஏன்னு ஒரு வரியோட. பதில் வராத பிள்ளை அடுத்த தடவை வராது. நூறு படத்துல பத்த பொறுக்கறது ஒரு சாயங்கால வேலை, மீதி தொண்ணூறு பேர கூட வச்சிக்கறதுதான் இந்த பொறுப்ப எடுத்துக்கிட்டவங்களோட நிஜமான வேலை.

கேள்வி: டர்பன் ஃபீனிக்ஸ்ல இருந்து எழுதறேன் அக்கா. எங்க கம்ப்யூட்டர் கிளப்புல அனுப்பற படத்த ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கலாம்னு ஒரு கூட்டம், நாலு பேர் கமிட்டி முடிவு பண்ணட்டும்னு ஒரு கூட்டம், சண்டையே வந்துடுச்சு. எது சரி?

பதில்: தம்பி, இந்த சண்டை உங்க கிளப்புல மட்டும் இல்ல, உலகம் முழுக்க நடந்ததுதான். உபுண்டுவ ஆரம்பிச்ச மார்க் ஷட்டில்வொர்த் வெல்கம்ங்கற ஊர்ல பிறந்து கேப் டவுன்ல வளர்ந்த நம்ம நாட்டுக்காரர்னு தெரிஞ்சிருக்கும். 2010ல உபுண்டுவோட 10.04ங்கற வெளியீடு வந்தப்போ பழைய பழுப்பு நிறத்த எடுத்துட்டு ஊதாவும் ஆரஞ்சும் கொண்டுவந்தாங்க, ஜன்னல மூடற பட்டன எல்லாம் வலது பக்கத்துல இருந்து இடது பக்கத்துக்கு மாத்தினாங்க, ஜனங்க கொதிச்சிட்டாங்க, அவரு இது ஜனநாயகம் இல்ல, கருத்து சொல்லுங்க கேட்டுக்கறோம், ஆனா டிசைனுக்கு ஓட்டெடுப்பு கிடையாதுன்னு நேராவே சொல்லிட்டாரு. பட்டன் திரும்ப வலது பக்கம் வந்தது 2017ல 17.10லதான்.

டெபியன் வேற வழி. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் யார் வேணும்னாலும் முழு தீமா, அதாவது வால்பேப்பர், லாகின் ஸ்க்ரீன் எல்லாம் ஒரே தோற்றத்துல இருக்கற மாதிரி அனுப்பலாம், அப்புறம் பொதுவுல கருத்து கேட்டு வரிசைப்படுத்த சொல்வாங்க. ஜூலியட் டாகாங்கற பிரெஞ்சு ஓவியரோட படைப்பு அப்படித்தான் டெபியன் 8, 9, 11, 12ன்னு நாலு வெளியீட்டுக்கு வந்துச்சு, 2023ல வந்த 12க்கு அவங்க குடுத்த தீம் பேரு எமரால்ட். யாரோ ஒரு கம்பெனி ஆள வச்சு வரைஞ்சது இல்ல, அத நினைச்சா எனக்கு இன்னும் பெருமையா இருக்கு. உபுண்டுலயும் 2018 அக்டோபர்ல 18.10க்கு வந்த 'யாரு' (Yaru)ங்கற பேருள்ள தீம் வெளி ஆளுங்களும் உபுண்டு கம்பெனியோட டிசைனருங்களும் மாசக்கணக்கா உட்கார்ந்து பேசி பண்ணதுதான்.

என்ன கேட்டா வாங்கறது எல்லார்கிட்டயும் இருக்கட்டும், வடிகட்டறத மூணு பேர் பண்ணட்டும், வடிகட்டினதுக்கு காரணத்த எல்லாரும் பார்க்கற இடத்துல எழுதட்டும், மிச்சம் இருக்கற பதினஞ்சு இருபதுக்கு ஓட்டு வைங்க. மொதல்லயே லைக் போடச் சொன்னா சொந்தக்காரங்க அதிகமா இருக்கறவன்தான் ஜெயிப்பான். ஓட்டு போடும்போது படத்துல பேர் தெரியக் கூடாது, ஒண்ணே ஒண்ண தேர்ந்தெடுன்னு சொல்லாம ஒவ்வொண்ணுக்கும் அஞ்சுக்கு எத்தனைன்னு மார்க் போடச் சொல்லுங்க. அந்த மூணு பேரோட படம் அந்த வருஷம் போட்டியில இருக்கக் கூடாது, இதுல விட்டுக்குடுக்காதீங்க.

கேள்வி: வெருலத்துல இருந்து ஒரு வாசகி. தைப்பூச காவடிக்கு எங்க குடும்பத்துல போட்டோகிராஃபர் வச்சு எடுத்தோம், மச்சினர் அலகு குத்தி நிக்கற படம் ஒண்ணு அவ்வளவு அழகு. அத அனுப்பலாமா? உரிமை யாருக்கு?

பதில்: அம்மா, நம்ம நாட்டு 1978ஆம் வருஷ காப்பிரைட் சட்டத்துல 21ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, காசு குடுத்து போட்டோ எடுக்கச் சொன்னா உரிமை காசு குடுத்தவங்களுக்கு. பல நாட்டுல போட்டோகிராஃபருக்குத்தான் போகும், இங்க அப்படி இல்ல. ஆனா அவர்கிட்ட கையெழுத்து போட்ட பேப்பர்ல வேற மாதிரி எழுதியிருக்கலாம், அத எடுத்து படிச்சுப் பாருங்க, எடுத்தவர் பேரையும் கண்டிப்பா போடுங்க.

சட்டப்படி உங்களுதா இருந்தாலும் இந்த படத்த அனுப்ப வேண்டாம்னுதான் நான் சொல்வேன். இந்த மாதிரி திட்டங்களுக்கு படத்த கிரியேட்டிவ் காமன்ஸ் பை எஸ்ஏ மாதிரி லைசென்ஸ்ல குடுக்கணும் (பண்ணவங்க பேர போட்டு, அதே லைசென்ஸ்லயே யார் வேணும்னாலும் பயன்படுத்தலாம், மாத்தலாம்னு அர்த்தம்), வணிகத்துக்கு கூடாது, மாத்தக் கூடாதுன்னு நிபந்தனை போட்டா டெபியன் மாதிரி இடத்துல எடுத்துக்க மாட்டாங்க, ஏன்னா இந்த சிஸ்டத்த போட்டு லேப்டாப் விக்கறவங்களும் இருக்காங்க. ஒரு தடவை அந்த லைசென்ஸ்ல குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது, யார் வேணும்னாலும் எங்க வேணும்னாலும் வெட்டி ஒட்டி போடலாம், அருள் வந்து நிக்கற ஒரு மனுஷனோட முகம் அப்படி சுத்தக் கூடாது. மச்சினர் முழு மனசோட சம்மதிச்சா அது வேற. காவடிதான் வேணும்னா மயிலிறகையும் பூவையும் மட்டும் கிட்ட போய் எடுங்க, முகம் வராம. அது வால்பேப்பருக்கும் நல்லா பொருந்தும்.

கூகுள்ல எடுத்த படம், வேற வெப்சைட்ல இலவசம்னு போட்ட படம் எல்லாம் கூடாது. அன்ஸ்பிளாஷ்ங்கற இலவச போட்டோ வெப்சைட்கூட 2017ல எந்த நிபந்தனையும் இல்லாத பழைய சிசி ஜீரோ லைசென்ஸ விட்டுட்டு சொந்த லைசென்ஸுக்கு மாறிடுச்சு.

கேள்வி: லெனேசியாவுல இருக்கேன். சூரியன் மறையற வானம் வரைஞ்சேன், நீலத்துல இருந்து ஆரஞ்சுக்கு மெதுவா போற மாதிரி. ஸ்க்ரீன்ல கோடு கோடா தெரியுது, ஏன்?

பதில்: சாதாரண படத்துல சிவப்பு, பச்சை, நீலம்னு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான், அத 3840 பிக்ஸல் அகலத்துக்கு இழுத்தா ஒரு படி குறைஞ்சது 15 பிக்ஸல் அகலம் வரும், கண்ணு அத பிடிச்சிடும். கிம்ப்ல லேசா நாய்ஸ், அதாவது பொடிப் பொடி புள்ளி, சேருங்க, கோடு கரைஞ்சிடும். ஜேபெக்க ரொம்ப அழுத்தாதீங்க. உபுண்டுல இடது பக்கம் ஐகான் வரிசையா நிக்கற டாக், மேல பார் வரும், அந்த இடத்துல முக்கியமானத வைக்காதீங்க. முடிஞ்சா பகலுக்கு ஒண்ணு ராத்திரிக்கு ஒண்ணுன்னு ஜோடியா குடுங்க, உபுண்டுல டெஸ்க்டாப்ப காட்டற க்னோம்ங்கற சாஃப்ட்வேர்ல, 2022ல வந்த 42ஆம் வெளியீட்டுல இருந்து வெளிச்சமான தீமுக்கும் இருட்டான தீமுக்கும் வால்பேப்பர் தானா மாறும்.

கேள்வி: டோங்காட்ல இருந்து ஒரு தாத்தா. முருகன் படத்த எல்லார் கம்ப்யூட்டர்லயும் வர்ற மாதிரி பண்ண முடியாதாம்மா?

பதில்: ஐயா, எல்லா நாட்டுக்காரங்களும் எல்லா மதத்துக்காரங்களும் திறக்கற சிஸ்டம் அது, போட்டிக்கு அனுப்பினா எடுக்க மாட்டாங்க, அதுல தப்பும் இல்ல. அதுவும் இல்லாம சாமி முகத்து மேல குப்பைத்தொட்டி ஐகான் வந்து நிக்கும், உங்களுக்கே மனசு கேக்காது. கோயில் ஆபீஸ், தமிழ் வகுப்பு கம்ப்யூட்டருக்கு தனியா ஒரு வால்பேப்பர் கட்டு பண்ணி போட்டுக்கலாம், பேரப்பிள்ளைங்கள கேளுங்க, செஞ்சு குடுப்பாங்க.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல நாங்க ஆறு பேர், கோலத்த வச்சு ஒரு ஐகான் செட் பண்ண ஆசை. எங்க ஆரம்பிக்கறது?

பதில்: ஆசை அருமை. ஆனா ஐகான் செட்டுங்கறது நூத்துக்கணக்குல வரும், எல்லாத்தையும் வரைஞ்சிட்டுத்தான் வெளியிடுவோம்னு உட்கார்ந்தா பாதியில நின்னுடும். ஃப்ரீடெஸ்க்டாப்னு ஒரு பொது அமைப்பு ஐகானுக்கெல்லாம் பேர் பட்டியல் வச்சிருக்கு, காப்பிக்கு எடிட்-காப்பி, அந்த மாதிரி. அந்த பேர அப்படியே வைங்க, இல்லன்னா நீங்க வரைஞ்சது வரவே வராது. தீம் ஃபைல்ல இன்ஹெரிட்ஸ்னு ஒரு வரி உண்டு, அதுல ஏற்கனவே இருக்கற ஒரு செட்டோட பேர போட்டா நீங்க வரையாதது எல்லாம் அங்க இருந்து வந்துடும், அதனால மொதல்ல ஃபோல்டர் வகைய மட்டும் வரைஞ்சு வெளியிடலாம்.

ஆறு பேர் கையும் ஒரு கையா தெரியணும்னா 2005ல ஆரம்பிச்ச டாங்கோ திட்டத்த பாருங்க, எல்லாருக்கும் ஒரே நிற அட்டை, ஓரக்கோடு எப்படி இருக்கணும், வெளிச்சம் எந்த பக்கம்னு எல்லாம் எழுதி வச்சாங்க, 16, 22, 32ன்னு ஒவ்வொரு சைஸுக்கும் தனியா வரைஞ்சாங்க, பெருச சுருக்கி சின்னதாக்கல. கோலத்துக்கு இது ரொம்ப பொருந்தும், 16 பிக்ஸல்ல நெளிக்கோலம் வெறும் கறைதான், சின்ன சைஸுக்கு நாலு புள்ளி ஒரு சுழி போதும். கோடு எத்தனை பிக்ஸல், நிறம் எத்தனைங்கறத ஆறு பேரும் உட்கார்ந்து முடிவு பண்ணி ஒரு பக்கத்துல எழுதுங்க, அந்த பக்கத்த எனக்கும் அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடறேன்.