ஆன்லைன் போக்கரில் லாபத்தில் இருக்கிறேன், முதன்முறையாகக் கேசினோவில் உட்காரப் போகிறேன்; எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

மூன்று ஆண்டுகளாக ஆன்லைனில் ஜெயித்துக்கொண்டிருப்பதாகவும், “நேரில் ஆடுபவர்கள் பலவீனமானவர்கள் என்று கேள்விப்பட்டேன், என் ஆட்டத்தில் என்ன மாற்றம் தேவை” என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே திமிரோடுதான் நானும் போனேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், திமிர் என்றது என்னுடையதை.

நான் தொழில்முறை ஆட்டக்காரன் இல்லை. சிறிய பிளைண்ட் (சீட்டு போடுவதற்கு முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) மேசைகளில், போனாலும் தூக்கம் கெடாத தொகையோடு உட்காருகிறவன். “சூதாட்டத்துக்கு ஆள் சேர்க்கிறாயா” என்று கேட்க வருபவர்களுக்கு: கேள்வி கேட்டவர் போவதென்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். நான் சொல்லாவிட்டால் என்னைப் போலவே அவமானப்பட்டுத் திரும்புவார், அவ்வளவுதான்.

உங்கள் ஆட்டம் சரியாகவே இருக்கலாம். தகராறு செய்யப்போவது உங்கள் கையும் வாயும்தான். ஆன்லைனில் முறை வரும்வரை பொத்தானை அழுத்த முடியாது. தொகையை நீங்கள் தட்டினால் மென்பொருள் அதை அப்படியே வைக்கும். நடுவில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அதுவே எழுதிக் காட்டும். யாருடைய சீட்டு பெரியது என்றும் அதுவே சொல்லும். இத்தனை வேலையையும் வேறொருவர் செய்துகொண்டிருந்தார் என்பது மேசையில் உட்கார்ந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

1-2 பிளைண்ட் மேசை. 200-க்குச் சிப் வாங்கினேன்: ஒரு 100 சிப், மீதி சில்லறையாக. முதல் ஒரு மணி நேரம் சீட்டை மடக்கி எறிவதிலேயே போயிற்று. அதிலும் ஒருமுறை என் முறை வருவதற்கு முன்பே எறிந்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் முறைப்பு வாங்கினேன். பிறகு இரண்டு ராஜா வந்தது. இஸ்பேடு ராஜா, ஆட்டின் ராஜா. எனக்கு முன்னால் ஒருவர் 12-க்கு ரெய்ஸ் செய்திருந்தார், அதாவது பந்தயத்தை ஏற்றியிருந்தார். 40-க்கு ஏற்ற வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சில்லறைச் சிப்புகளை எண்ணப் போனேன், விரல் நடுங்கியது. இரண்டு சிப் சரிந்து உருண்டன. எட்டுப் பேரும் என் விரலையே பார்ப்பது போல் இருந்தது. அவசரத்தில் அந்த 100 சிப்பை எடுத்து, வாயைத் திறக்காமல், முன்னே வைத்துவிட்டேன்.

“கால்” என்றார் டீலர்.

“இல்லை, 40-க்கு ரெய்ஸ்” என்றேன்.

“எதுவும் சொல்லாமல் ஒரே சிப் வைத்தால் அது கால்தான் சார்.”

மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார், கேட்டார், டீலர் சொன்னதையே சொல்லிவிட்டுப் போனார். விதி அப்படித்தான்; பெரிய சிப் ஒன்றைப் பேசாமல் வைத்தால், அதன் மதிப்பு எவ்வளவாக இருந்தாலும், முன்னால் உள்ள பந்தயத்துக்கு ஈடு கொடுத்ததாகவே கணக்கு. உலகம் முழுக்க உள்ள போக்கர் அறைகளில் இதுதான் வழக்கம். மேசையில் எனக்கு மட்டும்தான் அது தெரியாது.

எனக்குப் பின்னால் ஒருவர் 12 கொடுத்து உள்ளே வந்தார். பிக் பிளைண்டாக ஏற்கெனவே 2 வைத்திருந்த பெரியவரும் “இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்” என்று சிரித்துக்கொண்டே வந்தார். ஃப்ளாப்பில், அதாவது எல்லாருக்கும் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று சீட்டில், ராணி, ஏழு, நாலு. பெரியவர் பந்தயம் வைக்காமல் செக் சொன்னார், முதலில் ரெய்ஸ் செய்தவர் 30 வைத்தார், நான் 90 என்றேன். இந்த முறை வாயால் சொன்னேன், கற்றுக்கொண்டுவிட்டேன் அல்லவா! பெரியவர் எல்லாச் சிப்பையும் நடுவில் தள்ளினார், நானும் ஈடு கொடுத்தேன். அவரிடம் இருந்தது ஏழும் நாலும்; என் ஒரு ஜோடிக்கு எதிராக இரண்டு ஜோடி. என் 200-ம் போயிற்று.

“ராஜா ஜோடி எப்போதும் ஜெயிக்குமா என்ன, 40-க்கு ஏற்றியிருந்தாலும் அவர் வந்திருக்கலாமே” என்று யாராவது எழுதுவீர்கள். வந்திருக்கலாம்தான். ஆனால் போகும்போது அவரே, “40 என்றால் தூக்கிப் போட்டிருப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

எனவே எதைச் செய்தாலும் முதலில் வாயால் சொல்லுங்கள். “ரெய்ஸ், 40” என்று சொல்லிவிட்டால் பிறகு 100 சிப்பைப் போட்டாலும் அது 40தான். உங்கள் முறையில் சொன்ன சொல் உங்களைக் கட்டும், பின்வாங்க முடியாது. சொல்லாமல் கொஞ்சம் சிப் வைத்துவிட்டு, மறுபடி கையை அடுக்குக்குக் கொண்டுபோய் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்தால் இரண்டாவது தவணை செல்லாது. நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று டீலரைக் கேட்டாலும், பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத நோ லிமிட் ஆட்டத்தில் அவர் எண்ணிச் சொல்ல மாட்டார். நீங்கள் பார்க்க வசதியாகப் பரப்பி வைப்பதோடு சரி. வீட்டில் ஆன்லைனில் ஆடும்போதே திரையில் அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிட்டுக் கூட்டிப் பழகுங்கள். நான் அப்படித்தான் பழகினேன், ஒரு வாரம் தலைவலி இருந்தது.

கடைசியில் சீட்டைக் காட்டும்போது எதிராளி “ஃப்ளஷ்” (ஐந்தும் ஒரே இனச் சீட்டு) என்று சொன்னால் நம்பி உங்கள் சீட்டை எறிந்துவிடாதீர்கள். அவர் சீட்டை விரித்துக் காட்டட்டும். உங்களுடையதையும் விரித்து வைத்துவிட்டுக் காத்திருங்கள். டீலர் சிப்பைத் தள்ளி உங்களிடம் சேர்க்கும்வரை கையை எடுக்காதீர்கள்.

பொறுமை பற்றி எல்லாரும் சொல்வார்கள், கணக்கை யாரும் சொல்ல மாட்டார்கள். ஜோடி ஏஸ் சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும். டீலர் கலைத்துப் போடும் மேசையில் மணிக்கு ஏறத்தாழ 30 ஆட்டம்தான் நடக்கும். அப்படியென்றால் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஒரு ஏஸ் ஜோடியைப் பார்க்க. நீங்கள் ஆன்லைனில் நான்கு மேசை திறந்து, மேசைக்கு 75 வீதம் மணிக்கு 300 ஆட்டம் பார்ப்பவர் என்றால், அதே ஜோடி மணிக்கு ஒருமுறையாவது வந்துகொண்டிருந்திருக்கும். இந்த வித்தியாசம் உடம்புக்குப் புரியாது. இரண்டாம் மணி நேரத்தில் ஜாக்கியும் எட்டும்கூட அழகாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள்.

பிக் பிளைண்டைப் போல் இரண்டரை மடங்குக்கு ஏற்றும் ஆன்லைன் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அதைக் கண்டு யாரும் சீட்டை மடக்க மாட்டார்கள். ஐந்து, ஆறு பிளைண்டுக்கு ஏற்றினாலும் மூன்று பேர் வருவார்கள், ஏனென்றால் அவர்கள் சீட்டை எறிவதற்காக அவ்வளவு தூரம் வரவில்லை. மூன்று பேர் நிற்கும் இடத்தில் பொய்ப் பந்தயம் வைப்பது வீண். நல்ல சீட்டு வந்தால் பெரிதாக வையுங்கள், கொடுப்பார்கள். இது அவர்களைப் பழித்துச் சொல்வது இல்லை. அன்று என்னைவிட நன்றாக ஆடியவர்கள்தான் எட்டுப் பேரும்.

எதிராளியின் கண் துடிக்கிறதா, மூக்கு சிவக்கிறதா என்றெல்லாம் தேட வேண்டாம். இரண்டே இரண்டு பாருங்கள். சீட்டு வந்ததும் உங்களுடையதைப் பார்க்காதீர்கள், உங்கள் இடது பக்கம் இருப்பவர்கள் தங்கள் சீட்டைப் பார்ப்பதைப் பாருங்கள். எறியப்போகிறவர் பெரும்பாலும் முன்கூட்டியே சீட்டைக் கையில் தூக்கி வைத்திருப்பார். இரண்டாவது, பெரிய பந்தயம் வைத்தவரின் கை திடீரென்று நடுங்கினால் அவர் பயப்படுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் நல்ல சீட்டு வந்த பரபரப்பு அது. என் விரல் ராஜா ஜோடிக்கு நடுங்கியதே, அதுபோல.

“கிறிஸ் மணிமேக்கர் ஆன்லைனிலிருந்து நேராகப் போய் 2003-இல் உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியை ஜெயிக்கவில்லையா” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். ஜெயித்தார். இணையத்தில் 86 டாலர் தகுதிச் சுற்றில் நுழைந்து, 839 பேர் ஆடிய போட்டியில் மற்ற எல்லாரையும் கடந்து 25 லட்சம் டாலர் வாங்கினார். அவரைப் பார்த்து அதற்குப் பிறகு போய்ச் சிப்பைத் தொலைத்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. என் பெயர் உட்பட.

கேட்காத அறிவுரை சொல்பவர் ஒருவர் மேசையில் நிச்சயம் இருப்பார். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் நீங்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்வார். பதில் பேசாதீர்கள். எனக்கு அது எளிதாக இருந்தது, ஏனென்றால் என் மைத்துனர் இருக்கிறார். சீட்டையே தொட்டதில்லை, ஆனால் நான் தோற்ற கதையைக் கேட்டுவிட்டு அரை மணி நேரம் எனக்குப் போக்கர் விளக்கினார். நான் காரைப் பின்னால் எடுக்கும்போது “வரலாம், வரலாம், இன்னும் வரலாம்” என்று கை காட்டிச் சுவரில் இடிக்க வைத்தவரும் அவர்தான். பின்விளக்குக்கு யார் பணம் கொடுத்தது என்று கேளுங்கள். சரி, அது வேறு கதை.

இன்னொன்று, ஆன்லைன் லாபக் கணக்கை அப்படியே இங்கே போடாதீர்கள். சிறிய மேசைகளில் ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து கேசினோ எடுக்கும் பங்கான ரேக், ஜெயித்தால் டீலருக்குக் கொடுக்கும் சிப், இரண்டும் சேர்ந்து ஆட்டத்தை நன்றாகவே கடிக்கும்.

அடுத்த மாதம் மறுபடி போனேன். அதே டீலர். பத்து ஜோடி வந்தது, ஒருவர் 12-க்கு ஏற்றியிருந்தார். சிப்பைத் தொடுவதற்கு முன்பே “ரெய்ஸ்! 40!” என்றேன். பதற்றத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மேசையில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் சீட்டை எறிந்தார்கள். டீலர் முகத்தை மிகவும் நேராக வைத்துக்கொண்டு, நடுவில் கிடந்த 15 சிப்பை என் பக்கம் தள்ளினார்.