1806 வேலூர் எழுச்சி பயங்கரவாதமா?

தம்பி, முதுகலை ஆய்வேட்டுக்கு, கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் வேலூர்க் கோட்டையில் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த 1806 எழுச்சியை எடுத்திருக்கிறீர்கள். அதைப் பயங்கரவாதம் எனலாமா என்று நெறியாளர் கேட்டதும் குழம்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள்.

என்னைக் கேட்டால் அந்தச் சொல் பொருந்தாது. பயங்கரவாதத்துக்கு எல்லோரும் ஒப்பும் வரையறை கிடையாது. ஆனாலும் பொதுமக்களைக் குறிவைத்து அச்சம் விதைப்பது என்பது பெரும்பாலான வரையறைகளில் வரும். இங்கே இலக்கு கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயப் படையினர்.

அதற்காகச் சிப்பாய்களுக்கு முழு விடுதலை கொடுத்துவிடாதீர்கள். எழுந்த காரணம் நியாயமா என்பது ஒரு கேள்வி: நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகை போடு என்ற உத்தரவுகள், கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் மகன்கள், எல்லாம் அதில் அடங்கும். சண்டையிட்ட முறை நியாயமா என்பது வேறு கேள்வி. ஜூலை 10 விடியுமுன் தூங்கியவர்களையும் மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளையும் கொன்றது இரண்டாவதில்தான் சிக்கும். எழுச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி, பிடிபட்ட சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட வைத்தாரே, அவருக்கும் அதே அளவுகோல்தான். ஊர்ப்பெருமையில் நாம் சிப்பாய்கள் செய்த கொலைகளை மறப்போம், ஆங்கிலேயர் குறிப்புகள் கில்லெஸ்பி செய்ததை மெல்ல விழுங்கும்.

அப்புறம், எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒருநாள் போய் வாருங்கள்.